கைமாறி வந்த கதையும் அறிவிப்பாளர் தொடரும்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நூலைக் கையில் எடுத்தால் அதன் பொருளுக்குள் புகுமுன், இதனை நமக்கு ஓதிக் கொடுத்தவர் யார், அவருக்கு ஓதிக் கொடுத்தவர் யார் என்று தொடரைக் கேட்பர். இஸ்னாது எனும் அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தி எத்துணை அழகாக இருப்பினும் நம் ஆசான்களிடம் மதிப்புப் பெற்றதில்லை. இடையில் ஒருவர் விடுபட்டிருந்தால் அதனை 'முன்கதிஃ' என்று குறித்து, ஓர் அடி தள்ளியே வைப்பர். இந்தப் பழக்கத்தோடு ஒரு ஜப்பானிய நாவலாசிரியரை வாசிக்க நேர்ந்தபோது நமக்கு உண்டான எண்ணங்களை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் இரயிலில் வந்து காரமடையில் இறங்கி, நம்மைக் காண வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நூல் இருந்தது. "ஹஜ்ரத், படித்துப் பார்த்துவிட்டு ஏசுங்கள், படிக்காமல் ஏசிவிடாதீர்கள்" என்று சொல்லி அதனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஹாருகி முரகாமி எழுதிய 'நோர்வீஜியன் வுட்' நாவலின் தமிழாக்கம் அது. வெளியிட்டவர்கள் நம் கொங்கு மண்ணின் பொள்ளாச்சியைச் சேர்ந்த எதிர் வெளியீட்டார். தோக்கியோவில் பிறந்த நூல் பொள்ளாச்சியில் அச்சாகிக் காரமடைக்கு வந்து சேர்ந்த அந்த வழியே முதலில் நம் கருத்தைக் கவர்ந்தது.

நாவலாசிரியர் யார்?

முரகாமி 1949ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கியோத்தோவில் பிறந்தார். வளர்ந்தது கோபே துறைமுகத்தை அடுத்த ஊர்களில். பாட்டனார் பௌத்த குரு. தந்தையாரும் தாயாரும் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த ஆசிரியர்கள். மகனோ மேலைநாட்டு நாவல்களிலும் இசையிலும் தோய்ந்தார். 1974இல் தோக்கியோவில் இசைத்தட்டுகள் ஒலிக்கும் சிறிய விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1979இல் முதல் நாவல் பரிசு பெற்றது. 1987இல் வந்த 'நோர்வீஜியன் வுட்' ஜப்பானில் பல இலட்சம் படிகள் விற்று, அவரை நாடறிந்தவராக்கியது. இன்று அவர் நூல்கள் ஐம்பது மொழிகளுக்குக் குறையாமல் பெயர்க்கப்பட்டுள்ளன.

ஒரு செய்தி நம்மை வியக்க வைத்தது. முதல் நாவலின் தொடக்கம் தம் தாய்மொழியில் சரியாக அமையவில்லை என்று கண்ட முரகாமி, தமக்குத் தெரிந்த குறைந்த ஆங்கிலத்தில் அதனை எழுதி, பின்னர் அதையே ஜப்பானியத்தில் பெயர்த்தாராம். அலங்காரம் குறைந்த அந்த எளிய நடையே அவர் அடையாளமாயிற்று. ஆகவே அவருடைய மூலமே ஒருவகையில் மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது. அமெரிக்க எழுத்தாளர் பலரை ஜப்பானியத்துக்குக் கொணர்ந்த மொழிபெயர்ப்பாளரும் அவரே.

நூலின் பெயரிலேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அது ஆங்கிலப் பாடற்குழு ஒன்றின் பாடற்பெயர். அப்பாடலில் வரும் 'வுட்' என்பதை வீட்டுக்குப் பயன்படும் மரப்பலகை என்று கொள்வோர் பலர். ஜப்பானியரோ அதனைக் 'காடு' என்று பெயர்த்தனர். முரகாமியின் கதையில் காடு மனத்தின் இருளாகவே வளர்ந்து நிற்கிறது. நூல் ஆங்கிலத்துக்குத் திரும்பியபோது காடு மீண்டும் 'வுட்' ஆயிற்று. தமிழுக்கு வந்தபோது ஒலி மட்டும் வந்தது. பலகையும் வரவில்லை, காடும் வரவில்லை. ஒரு சொல் நான்கு வாசல்களைக் கடக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பாக்தாத் சொல்லும் பாடம்

இது புதிய சங்கடம் அன்று. நம் முன்னோர் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனைக் கண்டனர். அப்பாஸியர் காலத்து பாக்தாதில் யவன நூல்கள் பெரும்பாலும் சிரியாக் மொழி வழியாகவே அரபியை அடைந்தன. அக்காலத்து மொழிபெயர்ப்பாளரிடையே இரு நெறிகள் இருந்ததாகப் பிற்கால அறிஞர் ஸஃபதீ எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் வைத்துச் செல்வது ஒன்று. வாக்கியத்தின் கருத்தை முழுவதும் உள்வாங்கி அரபியின் இயல்பில் சொல்வது மற்றொன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இரண்டாம் நெறிக்குப் பெயர் பெற்றவர். ஒரு நூலின் பல படிகளைத் திரட்டி, ஒப்பு நோக்கித் திருத்திய பின்னரே அவர் பெயர்ப்பில் இறங்குவார். கவிதையை வேறு மொழிக்கு மாற்றினால் அதன் கட்டும் அழகும் சிதைந்துவிடும் என்று, ஏறத்தாழ அதே காலத்தவரான ஜாஹிழ் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் வாதிட்டார்.

இடைமொழியால் விளைந்த இடர் ஒன்றும் உண்டு. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலை அபூ பிஷ்ர் மத்தா சிரியாக்கிலிருந்து அரபிக்குக் கொணர்ந்தார். யவனரின் நாடக அரங்கு அரபு மண்ணில் இல்லாத ஒன்று. ஆதலால் துன்பியல் நாடகம் 'மதீஹ்' எனும் புகழ்பாட்டாகவும், இன்பியல் நாடகம் 'ஹிஜா' எனும் வசைப்பாட்டாகவும் ஆகிவிட்டன. பேரறிஞர் இப்னு ருஷ்து கூட அவ்வழியே சென்று, அந்நூலுக்கு அரபுக் கவிதைகளைக் கொண்டு விளக்கம் எழுதினார். அறிவில் குறையுடையவர் அல்லர் அவர். தொடரில் ஒரு கண்ணி பிசகியது, அவ்வளவே.

ஆயினும் இடைமொழி என்றாலே இழப்பு என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றன. அங்கிருந்து இப்னுல் முகஃபஃவின் கையால் 'கலீலா வதிம்னா'வாக அரபியில் மலர்ந்தன. அரபியிலிருந்து ஹீப்ருவுக்கும் அதிலிருந்து இலத்தீனுக்கும் நடந்து ஐரோப்பாவை அடைந்தன. அந்தப் பயணத்தில் ஒவ்வொரு கையும் இடைக்கையே. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் பழைய முழுநூலாக அறியப்படும் 'ஆயிரம் மசலா' (1572) பாரசீக வழியில் வந்தது. உமறுப் புலவரும் அரபு மூலங்களின் பொருளை ஆலிம்கள் எடுத்துரைக்கக் கேட்டே சீறாவைப் பாடினார் என்பது மரபு. இவற்றைத் தள்ளிவிட்டால் நம் கையில் எஞ்சுவது யாது?

ஆங்கிலம் எனும் இடைவாசல்

முரகாமியைத் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே பெறுகின்றனர். ஆல்ஃபிரட் பிர்ன்பாம், ஜே ரூபின், ஃபிலிப் கேப்ரியல் ஆகிய மூவரின் நடையே நாம் 'முரகாமியின் நடை' என்று எண்ணிக்கொள்வதில் பெரும்பகுதி. சாவி கொடுத்தால் கூவும் பறவையைத் தலைப்பில் கொண்ட அவர் பெருநாவலை ரூபின் 1997இல் ஆங்கிலத்தில் தந்தபோது, பதிப்பகத்தார் விதித்த அளவுக்கு அடங்குமாறு கணிசமான பகுதிகளைக் குறைத்தார். 1939இல் மங்கோலிய எல்லையில் ஜப்பானியப் படை பட்ட தோல்வியையும், போரின் கொடுமைகளையும் பேசும் நூல் அது. ஆங்கிலத்தில் இல்லாத பக்கம், ஆங்கிலத்தை மூலமாகக் கொள்ளும் எம்மொழியிலும் இராது.

செர்மானியர் இதில் நமக்கு முன்னோடிகள். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முரகாமியின் நாவல் ஒன்றைக் குறித்துப் பெரிய வாக்குவாதம் மூண்டது. தலைசிறந்த விமர்சகர்கள் இருவர் நடையைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் மோதிக்கொண்டனர். அவர்கள் கையிலிருந்ததோ ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட நூல்! பின்னர் 2013இல் உர்சுலா கிரேஃபே அதனை ஜப்பானியத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்தார்.

ஜப்பானியருக்கும் இதே அனுபவம் உண்டு. அதனை நம் வாசகர் அவசியம் அறிய வேண்டும். திருக்குர்ஆனின் முதல் ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1920இல் வந்தது. அது அரபியிலிருந்து வந்ததன்று. ராட்வெல் என்பாரின் ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து வந்தது. தோஷிஹிகோ இஸுத்ஸு அரபியிலிருந்தே பெயர்த்து 1957, 1958 ஆண்டுகளில் வெளியிட்டபோதுதான் அக்குறை நீங்கியது. அவருக்கு அரபி கற்பித்தவர்கள், இரஷ்ய நாட்டிலிருந்து வந்து சேர்ந்த தாத்தாரிய அறிஞர்களான அப்துர் ரஷீது இப்ராஹீமும் மூஸா ஜாருல்லாஹ்வும். நூல்களைக் கையில் வைத்திராமல், சீபவைஹியின் இலக்கணத்தை நினைவிலிருந்தே மூஸா நடத்தினார் என்று இஸுத்ஸு பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முறையான ஆசான் கிடைத்தவுடன் தொடர் நேராயிற்று.

தமிழுக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவும் பழையதே. 1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதினார். 1974இல் வந்த 'பால்வீதி'யில் கவிக்கோ அப்துல் ரகுமான் அவ்வடிவத்தைத் தமிழில் நடை பயில வைத்தார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த நம்மவர் ஒருவர் ஜப்பானிய ஊற்றுக்குக் கால்வாய் வெட்டியது நமக்குப் பெருமையன்றோ?

கோபேயின் பள்ளிவாசல்

முரகாமி பள்ளியில் பயின்ற கோபே நகரில்தான் ஜப்பானின் முதல் பள்ளிவாசல் எழுந்தது. அங்கு வாணிபம் செய்த இந்திய முஸ்லிம்களும் தாத்தாரியரும் பிறரும் தந்த பொருளால் அது 1935இல் திறக்கப்பட்டது. 1945இல் குண்டுமழை நகரை எரித்தபோதும் அது நின்றது. 1995 ஜனவரி 17ஆம் நாள் நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தபோதும் அது நின்றது.

அந்நிலநடுக்கம் முரகாமியின் பெற்றோர் வீட்டையும் சிதைத்தது. அப்போது அமெரிக்காவில் இருந்த அவர் அவ்வாண்டே நாடு திரும்பினார். பின்னர் ஆறு சிறுகதைகள் எழுதினார். அவற்றுள் எவரும் நிலநடுக்கத்தில் சிக்கியவர் அல்லர். தொலைவில் இருந்தவர்களின் மனத்துக்குள் நிகழும் நடுக்கமே அக்கதைகளின் பொருள். கதைகள் நிகழும் காலம் 1995 பிப்ரவரி. அதற்கு அடுத்த மாதம் ஜப்பான் இன்னொரு பேரிடியைச் சந்தித்தது.

சுரங்கப்பாதையும் நம் கோவையும்

1995 மார்ச் 20ஆம் நாள் காலை, ஓம் ஷின்ரிக்கியோ என்னும் குழுவினர் தோக்கியோவின் சுரங்க இரயில்களில் சாரின் எனும் நச்சுப்பொருளைக் கசியவிட்டனர். பன்னிரண்டு பேர் அப்போது இறந்தனர்; பின்னாட்களில் அத்தொகை கூடியது. ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். செய்தித்தாள்கள் குற்றவாளிகளைப் பற்றியே எழுதிக் குவித்தன. முரகாமியோ, அந்த இரயில்களில் ஏறியவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டார். ஏறத்தாழ அறுபது பேரைத் தனித்தனியே சந்தித்தார். பிறந்த ஊர், வளர்ந்த விதம், வீடு, தொழில், அன்று காலை எந்தப் பெட்டியில் ஏறினார்கள் என்பவற்றை முதலில் கேட்டார். விபத்தைப் பிறகே கேட்டார். எழுதியதை அவரவரிடமே காட்டி ஒப்புதல் பெற்றார். 1997இல் அது நூலாயிற்று. பின்னர் அக்குழுவில் இருந்தவர்களையும் சந்தித்து, அவர்கள் எவ்வாறு அங்கு போய்ச் சேர்ந்தனர் என்பதையும் பதிவு செய்தார். இரண்டும் சுருங்கி ஒன்றாகி 2000இல் ஆங்கிலத்தில் வந்தன.

நம் மாணவர் அந்த ஆங்கில நூலைக் கொணர்ந்து, பல மாலைகளில் வாசித்துத் தமிழில் பொருள் சொன்னார். ஓதிக் கொடுத்தவர் ஓதுபவராக அமர்ந்திருந்தோம். நாவலைப் பற்றி நமக்கு இருந்த தடைகள் பல. காமமும் மதுவும் மலிந்த பக்கங்களைக் குடும்பத்தின் நடுவே வைத்து வாசிக்க இயலாது என்பதை மாணவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். ஆனால் இந்த நூலைக் கேட்கக் கேட்க நெஞ்சு கனத்தது. காரணத்தைக் கோவை வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார்; அதனையடுத்த வன்முறையில் பதினெட்டு முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் தொடர்ந்து வெடித்த குண்டுகள் ஐம்பத்தெட்டு உயிர்களைக் குடித்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். யார் செய்தார், யார் தூண்டினார் என்று எழுதப்பட்ட தாள்கள் மலையளவு இருக்கும். அன்று வீட்டிலிருந்து புறப்பட்டவர் யார், எதற்காகப் புறப்பட்டார் என்று உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர்?

நாம் கேட்கவில்லை. அக்காலத்தில் காரமடையிலிருந்து தினமும் காலை இரயிலில் கோவைக்குச் சென்று வந்தோம். அதே பெட்டியில் வரும் ஆலைத் தொழிலாளர் ஒருவர் நமக்கு இடம் பிடித்து வைப்பார். நம் வீட்டு நோன்புக் கஞ்சியை அவர் தூக்குச் சட்டியில் வாங்கிப் போவார். பிப்ரவரிக்குப் பின் நாம் தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பெட்டியில் ஏறினோம். அவரும் தேடி வரவில்லை. அவர் தமக்கை மகன் அன்று காயமுற்றான் என்று பிறர் சொல்லக் கேட்டிருந்தோம். சந்தையில் கண்டால் தலையசைப்போம். அதற்கு மேல் இல்லை. இவ்வாறே இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன.

அந்நூலைக் கேட்டு முடித்த வாரம் அவர் வீட்டுக்குச் சென்றோம். பணி ஓய்வு பெற்று, வாசலில் கறிவேப்பிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, அன்றைக்குத் தம்பி எதற்காகக் கோவைக்குப் போனான்?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசவில்லை. "கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றத்தான் போனான், பாய்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "உங்கள் பக்கம் அப்போது என்ன ஆயிற்று? நானும் கேட்டதே இல்லையே" என்றார். நாமும் சொன்னோம். அஸர் வக்து நெருங்கும் வரை அங்கேயே அமர்ந்திருந்தோம்.

சுவரும் முட்டையும்

2009 பிப்ரவரியில் முரகாமிக்கு எருசலேம் பரிசு அளிக்கப்பட்டது. காஸாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட தாக்குதல் ஓய்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. போகவேண்டாம் என்று ஜப்பானில் பலர் வற்புறுத்தினர். அவர் சென்றார், அந்த மேடையிலேயே பேசினார். உயர்ந்து நிற்கும் சுவர், அதில் மோதி உடையும் முட்டை ஆகிய இரண்டுக்குமிடையே, நியாயம் எப்பக்கம் என்று சொல்லப்பட்டாலும், தாம் முட்டையின் பக்கமே நிற்பதாகக் கூறினார். சில மாதங்களுக்கு முன் தொண்ணூறாம் வயதில் மறைந்த தம் தந்தையைப் பற்றியும் சொன்னார். சீனப் போரில் சேர்க்கப்பட்டிருந்த அவர், நாள்தோறும் காலையில் போரில் மாண்ட அனைவருக்காகவும், தம்மவர் எதிரியர் என்று பாராமல், இறைஞ்சுவாராம்.

பரிசை ஏற்றது சரியா என்று நம் நண்பர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. ஏற்காமல் இருந்திருப்பதே சிறப்பு என்பது நம் எண்ணம். ஆயினும் அந்த மேடையில் அச்சொற்கள் ஒலித்ததையும் நாம் மறுக்கவியலாது. 2023க்குப் பின் காஸா பட்ட பாட்டைக் கண்ட கண்ணோடு அவ்வுரையை மீண்டும் எண்ணும்போது, முட்டைகளின் எண்ணிக்கையே நம்மை நடுங்கச் செய்கிறது.

செய்ய வேண்டுவன

நாவல் வாசிப்பது வீண் பொழுது என்று நம் பெரியோர் கருதியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் எள்ளவில்லை. ஆயினும் அயலாரின் துயரைக் கேட்கும் செவியை ஒரு நூல் திறந்துவிடுமாயின், அதனை வீண் என்று எவ்வாறு தள்ளுவது?

பதிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பு நூல்கள் யாவும் தம் இஸ்னாதை முதற்பக்கத்திலேயே சொல்லட்டும். எம்மொழியிலிருந்து வந்தது, இடையில் நின்றவர் யார், குறைக்கப்பட்ட பதிப்பா முழுப் பதிப்பா என்று அறிந்தால், வாசகன் தெளிந்து வாசிப்பான்.

நம்மவர்க்கு மற்றொன்று. ஜப்பானியம் அறிந்த தமிழர் அரிது. ஆதலால் முரகாமி ஆங்கிலத்தின் வழியே வருவதைக் குறை கூறல் தகாது. ஆனால் அரபி? இந்நாட்டு மதரஸாக்களில் எத்தனை தலைமுறைகளாக அரபி ஓதப்படுகிறது! சென்னைப் பல்கலைக்கழகத்தின் அ. ஜாகிர் ஹுசைன் திருக்குறளை அரபிக்குக் கொண்டுசென்றார். அவ்வாறு இரு கரையையும் அறிந்து உழைப்போர் ஒருசிலரே. நஜீப் மஹ்ஃபூழ் 1988இல் நோபல் பரிசு பெற்ற பின்னும், அரபு நாவல்களில் பல, ஆங்கிலம் சுற்றியே தமிழை அடைகின்றன. ஸர்ஃபும் நஹ்வும் பல்லாண்டு ஓதிய நாம், இஸுத்ஸுவைப் போல் ஒரு நூலையேனும் நேரடியாகத் தந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமக்கு அகவை ஐம்பதைக் கடந்துவிட்டது. ஆயினும் அம்மாணவரோடு அமர்ந்து, அரபுச் சிறுகதை ஒன்றை மூலத்திலிருந்தே தமிழாக்கத் தொடங்கியிருக்கிறோம். அவர் தமிழைத் திருத்துகிறார்; நாம் அரபியைப் பார்க்கிறோம். முடிந்த பின் முதலில் வாசித்துக் காட்டுவதாகக் கறிவேப்பிலைக் கட்டும் அந்த நண்பருக்கு வாக்களித்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.